நாற்பத்தாறு என்று நான் கூவிய நாள்

1. என் குரலும் கிங்ஸ்லியின் பேனாவும்

எனக்குக் குரல் பெரிசு. வீட்டில் மெதுவாகப் பேசச் சொல்வார்கள், ஆனால் வேலையில் அந்தக் குரல்தான் எனக்குச் சோறு போட்டது. முன்னூறு பிள்ளைகள் சலசலவென்று நிற்கிற ஹாலில் மைக் இல்லாமல் பேசக்கூடிய நர்ஸ் எங்கள் வட்டாரத்தில் நான் ஒருத்திதான்.

பள்ளி மருத்துவக் குழுவில் ஒன்பது வருஷம் இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனேன். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் கிராமச் சுகாதார நர்ஸ். குழு என்றால் பெரிய பட்டாளம் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பார்மசிஸ்ட், ஒரு டிரைவர், ஒரு பழைய வேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பிள்ளைகளின் உயரம், எடை, கண், பல், ரத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். பெரிய பள்ளிக்கூடம் என்றாலும் ஒரே நாள்தான் கொடுப்பார்கள். அடுத்த நாள் வேறு ஊர்.

ஆகவே நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வெயிட் மெஷின் பக்கத்தில் நான். பத்தடி தள்ளி மேசையில் ரிஜிஸ்டரோடு பார்மசிஸ்ட் கிங்ஸ்லி. பிள்ளை ஏறும், நான் எண்ணைக் கூவுவேன், அவன் எழுதுவான், பிள்ளை இறங்கும். ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம். இந்த வேகத்தைப் பார்த்து மற்றக் குழுக்காரர்கள் பொறாமைப்பட்டதுண்டு. எனக்கு அதில் பெருமையும் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் தேடல் எல்லாம் ஒல்லிப் பிள்ளைகள்தான். "பதினாறு!" என்று கூவினால் வரிசையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினாறு கிலோ என்றால் டீச்சர்மார் உச்சுக் கொட்டுவார்கள். இரும்புச் சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, சத்து மாவு என்று கொடுத்துவிட்டு வருவோம். கனமான பிள்ளை வந்தால் எங்களுக்கு ஒரு நிம்மதி. அதன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவோம்.

கடைசி நாலைந்து வருஷத்தில் வரிசை மாறிக்கொண்டே வந்தது. கனமான பிள்ளைகளை முதலில் இங்கிலீஷ் மீடியத்தில் பார்த்தோம், பிறகு அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியிலும் பார்த்தோம். ஒரு வகுப்புக்கு ஒன்று இரண்டு என்று இருந்தது பெஞ்சுக்கு ஒன்று என்று ஆன மாதிரி எனக்குத் தோன்றியது. ஒன்றாம் வகுப்புப் பையனுக்குப் பெல்ட்டில் ஆணியால் குத்திப் புது ஓட்டை போட்டிருக்கும். இரண்டு மாடி ஏறி வந்த பிள்ளை பெயர் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கும். பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் சேர்ந்துகொண்டே போனது. ஆனால் வேலை செய்கிற வழியை மாற்ற வேண்டும் என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

குழித்துறைப் பக்கத்தில் ஒரு எய்டட் ஆரம்பப் பள்ளி. நாலாம் வகுப்பு. அபிஷா என்று ஒரு பிள்ளை வந்தாள், ஒன்பது வயது. ஷூவைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள். மெஷினில் ஏறியதும் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

"நாப்பத்தாறு!" என்று கூவினேன்.

கிங்ஸ்லி தலையைத் தூக்கினான். நாலாம் வகுப்பில் அந்த எண்மேல் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "எவ்வளவுண்ணு சொன்னிய அக்கா?"

"நாப்பத்தாறுலே! நாலு, ஆறு! காதுல என்ன வச்சிருக்க?"

பின்னால் இருந்து ஒரு பையன், "ஏலே, நாப்பத்தாறு கிலோ! ரெண்டு அரிசிச் சாக்குலே!" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அத்தோடு விட்டேனா? பெரிய மனுஷி மாதிரி, எல்லார் முன்னாலும், அதே குரலில் அந்தப் பிள்ளையிடம், "மக்கா, கொறச்சுத் தின்னணும், கேட்டியா?" என்றேன். அவள் தலையாட்டினாள். இறங்கி ஷூவை மாட்டிக்கொண்டு போனாள். இடது கால் ஷூவை வலது காலில் மாட்டியிருந்தாள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அடுத்தது!" என்றேன்.

2. இரண்டு வருஷம் நார்மல்

அன்று எங்களோடு வந்த டாக்டர் புதுசு. சின்னப் பெண், மதுரைப் பக்கம். அபிஷாவின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்துப் பட்டையாக இருந்தது. அதன்மேல் சிவப்புச் சிவப்பாக உரசிய தடம்.

"இது என்னம்மா, யாரு தேய்ச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"அம்மா. பீர்க்கங்காய் நார் வச்சு. அழுக்குண்ணு சொல்லி தினமும் தேய்ப்பா," என்றாள் அபிஷா, குனிந்தபடியே.

பிள்ளையை அனுப்பிவிட்டு டாக்டர் சொன்னார், "சிஸ்டர், இது அழுக்கு இல்லை. எடை கூடின பிள்ளைங்களுக்கு உடம்பில இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா இப்படிக் கழுத்துக் கறுக்கும். சுகர் பார்த்தே ஆகணும். போன வருஷம் என்ன எழுதியிருக்கீங்க?"

பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினோம். மூன்றாம் வகுப்பில் முப்பத்தாறு கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கு இருபத்திரண்டு சொச்சம், நார்மல். இரண்டாம் வகுப்பில் இருபத்தொன்பது கிலோ, பி.எம்.ஐ. இருபது, நார்மல். இரண்டு வருஷமும் அந்த "நார்மல்" என் சொல்படி கிங்ஸ்லி எழுதியது.

"இருபத்தஞ்சுக்குக் கீழதானே டாக்டர் இருக்கு?" என்றேன், கொஞ்சம் வெட்டினாற்போல.

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு சார்ட்டை எடுத்து விரித்தார். "இருபத்தஞ்சு பெரியவங்களுக்கு சிஸ்டர். பிள்ளைங்களுக்கு வயசு வாரியா, ஆண் பெண் தனித்தனியா கோடு இருக்கு. ஏழு வயசுப் பெண் பிள்ளைக்கு இருபதுன்னா பருமன் கோட்டையே தாண்டியாச்சு."

ஒல்லிப் பிள்ளைக்கு வயது வாரியான அட்டவணை எனக்கு மனப்பாடம். தடித்த பிள்ளைக்கு என்று நான் படித்ததே இல்லை. பெரியவர்களின் பிரஷர், சுகர் கிளினிக்கில் பழகிய இருபத்தைந்தைக் கொண்டுவந்து ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டேன். அபிஷாவுக்கு மட்டுமா? இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி எழுதியிருப்பேன்? அந்த வாரம் முழுக்கப் பழைய ரிஜிஸ்டர்களை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சார்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விட்டுப்போன பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டு நீண்டுகொண்டே போனது.

அபிஷாவிடம் ரெஃபர் சிலிப் கொடுத்தோம். அம்மாவிடம் காட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு என்று சொல்லி அனுப்பினோம். இதுவும் ஒரு மடத்தனம். ஒன்பது வயதுப் பிள்ளையின் பையில், அவளை ஹாலே கேலி செய்த அதே எண்ணை எழுதிப் போட்டு அனுப்பினால் அது வீட்டுக்குப் போய்ச் சேருமா? அப்போது தோன்றவில்லை.

3. "நீங்கதான் சொன்னிய"

ஆறு வாரம் போயிற்று. சிலிப் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நான் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்தார்.

"சிஸ்டர், அந்த அபிஷா காலைப் பிரேயர்ல விழுந்திட்டா. இப்ப முழிச்சுட்டா. அம்மைக்கு விளிச்சுச் சொல்லியிருக்கேன். ஆனா ஒரு காரியம் சொல்லணும். ரெண்டு மூணு வாரமா அவ சோறு தின்னுகதில்ல. டிபனைக் கைகழுவுற இடத்துல கொட்டுகாண்ணு இண்ணைக்குத்தான் மற்றப் பிள்ளைங்க சொல்லுதுவ. அவளுக்குப் பேரு வச்சிருக்குதுவ சிஸ்டர். நாப்பத்தாறு."

போனை வைத்துவிட்டு வேனைக் கிளப்பச் சொன்னேன். டாக்டர் அன்று லீவு. கிங்ஸ்லியும் நானும் வேனில் ஏறினோம். வழி நெடுக மண்டைக்குள் என்னவெல்லாமோ ஓடியது. சுகர் கூடி மயக்கமா, பட்டினியில் மயக்கமா? விழுந்தபோது தலை அடிபட்டதா? நாகர்கோவில் தாண்டுகிற வரை நெரிசல். டிரைவரைப் போட்டுத் திட்டினேன். பாவம், ரோட்டை அவரா அடைத்து வைத்தார்?

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் பெஞ்சில் படுத்திருந்தாள். விரலில் குத்திப் பார்த்தேன். சுகர் தாழ்வாகத்தான் இருந்தது. சீனி போட்ட சாயாவும் இரண்டு பிஸ்கட்டும் கொடுக்கச் சொன்னேன். சாயாவைக் குடித்தாள், பிஸ்கட்டை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி என்னம்மா தின்ன?"

அவள் சாயா டம்ளரையே பார்த்தாள்.

"இண்ணைக்குக் காலையில?"

"வெள்ளம்."

"வெறும் தண்ணி மட்டுமா? ஏன் மக்கா?"

அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீங்கதானே கொறச்சுத் தின்னச் சொன்னிய."

முப்பது வருஷச் சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். மெமோ வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளை குறையாகக்கூடச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்த பிள்ளையின் குரலில் சொன்னாள்.

ஏதோ வேலையாக வெளியூர் போயிருந்த அம்மா ஷீபா அப்போதுதான் ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். புருஷன் மஸ்கட்டில். பிள்ளையைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானா அது? எனக்க பிள்ளை நல்லாத்தான் இருந்தா. நீங்க வந்து ஊரு கேக்கக் கூவிட்டுப் போன பிறவுதான் இப்பிடி. வீட்டுல ராத்திரி சோறை வச்சா, வயிறு வலிக்கு, ஸ்கூல்ல தின்னுட்டேன், எதாவது ஒண்ணு சொல்லுகா. எனக்கு எப்பிடித் தெரியும்? இவ என்னமும் ஆயிருந்தா அவளுக்க அப்பாக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ரெஃபர் சிலிப் தந்து விட்டோம் ஷீபா, சுகர் பாக்கணும்னு..."

"எந்தச் சிலிப்பு?"

அபிஷா பிஸ்கட்டை இன்னும் இறுக்கினாள். "கிழிச்சுட்டேன்," என்றாள். "அதுலயும் நாப்பத்தாறுண்ணு எழுதியிருந்து."

4. சுவரில் இருந்த போட்டோ

மறுநாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். டூட்டியில் இல்லை, சொந்த லீவில். இரண்டு மாடி வீடு, தாயும் பிள்ளையும் மட்டும். ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய டின் டின்னாகச் சாக்லேட். மேசையில் ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பெரிய டப்பாவில். ஷீபா எனக்கு ஜூஸும் பப்ஸும் கொண்டுவந்து வைத்தாள். எவ்வளவு கோபத்திலும் வந்தவளுக்குத் தின்னக் கொடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"சிஸ்டர், நீங்க இதைப் பாருங்க," என்று சுவரைக் காட்டினாள்.

பிரேம் போட்ட போட்டோ. ஏழெட்டு மாதக் குழந்தை, மடிப்பு மடிப்பாகக் கை கால். ஒரு நர்ஸ் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறாள். மேலே பேனரில் கொழுகொழு குழந்தைப் போட்டி, முதல் பரிசு. நர்ஸ் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அந்த நர்ஸ் நான்.

அப்போது நான் அந்த வட்டாரத்துக் கிராம நர்ஸ். வருஷா வருஷம் அந்தப் போட்டி நடத்துவோம். எடையைப் பார்த்து முதல் பரிசு. எத்தனை வாளி கொடுத்திருப்பேன், யாருக்குக் கொடுத்தேன் என்று நினைவில்லை. வாங்கியவர்களுக்கு நினைவிருக்கிறது.

"அண்ணைக்கு நீங்க எனக்கிட்ட என்ன சொன்னியண்ணு தெரியுமா?" என்று கேட்டாள் ஷீபா. "பிள்ளையை இப்பிடித்தான் வளக்கணும், மற்ற அம்மைமாரு உன்னைப் பாத்துப் படிக்கணும்ணு மைக்குல சொன்னிய. அவரு இல்லாத வீடு சிஸ்டர். பிள்ளை கொறச்சு வாடினாப் போதும், மாமியாரு வீட்டுல என்ன சொல்லுவினும்? புருஷன் அங்க வெயில்ல கெடந்து அனுப்புகான், இவ பிள்ளைக்குக் குடுக்காம தானே தின்னுகாண்ணு சொல்ல மாட்டினுமா? அவரு தினமும் வீடியோவில விளிச்சா முதல்ல பிள்ளைக்க கன்னத்தைத்தான் பாப்பாரு."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. மஸ்கட்தான். ஷீபா போனை என் பக்கம் திருப்பினாள். தலையில் ஹெல்மெட்டோடு ஒரு ஆள், பின்னால் இரும்புக் கம்பிகள்.

"சிஸ்டர், எனக்க பிள்ளைக்கு என்ன? சீக்கு எதாவது உண்டா? மறைக்காதீங்க. நான் லீவு போட்டு வரட்டா?" என்று அவர் கேட்ட கேள்வியில் அத்தனை தூரத்தின் பயமும் இருந்தது.

"இப்ப வரண்டாம் தம்பி. சுகர் பாக்கணும். பாத்தாத்தான் தெரியும்," என்றேன். "தப்பு எனக்கதுதான். ரெண்டு வருஷம் முன்னே சொல்லியிருக்கணும், சொல்லல. சொன்ன நேரத்துல சொல்லப்பிடாத மாதிரி சொல்லிட்டேன்."

அபிஷா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன். "மக்கா, அண்ணைக்கு நான் கூவினது தப்பு. உனக்கிட்டத் தின்னாண்டாம்ணு சொல்லல்ல. மூணு நேரமும் தின்னணும். என்ன தின்னணும்ணு நாம பெறவு பேசலாம்." அவள் மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மன்னிப்புக் கேட்டால் உடனே மனது ஆறிவிடும் என்று நினைப்பது பெரியவர்களின் ஆசை.

5. வெறும் வயிற்றில்

சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டும். பட்டினி கிடந்து மயங்கி விழுந்த பிள்ளையை மறுபடி வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போவது எனக்கு என்னவோ செய்தது. காலை ஏழு மணிக்கே பெரிய ஆஸ்பத்திரி லேபில் நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் எடுத்ததும் முதல் வேலையாக ஷீபா டப்பாவைத் திறந்தாள். இட்லி. அபிஷா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"தின்னு மக்கா," என்றேன்.

"எத்தனை தின்னலாம்?"

ஒன்பது வயதில் இட்லிக்குக் கணக்குக் கேட்கிறாள்! "பசி தீருகது வரைக்கும்," என்றேன். இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைக் கையில் எடுத்தாள். அதையும் மெல்ல மெல்லத் தின்றாள். ஷீபா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

ரிப்போர்ட் வர மத்தியானம் ஆனது. அந்த நாலு மணி நேரமும் லேப் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "நான் அந்தக் கழுத்தை எப்பிடித் தேச்சேன் தெரியுமா சிஸ்டர்? ஒரு நாளு ரெத்தம் வந்து. அவ கரைஞ்சு அழுதா. அழுக்கோட ஸ்கூலுக்குப் போனா எல்லாரும் என்ன நினைப்பினும்ணு பிடிச்சு வச்சுத் தேச்சேன்."

"போகட்டும், இனி தேய்க்காத," என்றேன். வேறு என்ன சொல்ல? நானும் ஒன்றும் குறைச்சலாகச் செய்யவில்லை.

சுகர் நோய் இல்லை. ஆனால் அதன் வாசலில் நிற்கிறாள் என்றார் குழந்தை டாக்டர். ஈரலிலும் கொஞ்சம் கொழுப்பு. மருந்து வேண்டாம், பட்டினி கூடவே கூடாது. வளர்கிற பிள்ளை, எடையைக் குறைக்கப் பாடுபட வேண்டாம், இந்த எடை கூடாமல் உயரம் கூடினால் போதும். பாட்டில் ஜூஸும் சிப்ஸும் வீட்டிலேயே இருக்க வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் ஓடி விளையாட வேண்டும். பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் செய்யாதீர்கள், வீடே அதைத்தான் சாப்பிட வேண்டும் என்றார்.

"விளையாடவா?" என்றாள் ஷீபா. "ஸ்கூல் வேன் விடும்போ நாலரை. அஞ்சு மணிக்கு டியூஷன். ஏழு மணிக்கு ஹிந்தி. வெளியில விட்டா ரோட்டுல பைக்குப் பயலுவ. எங்க விளையாட?"

நியாயமான கேள்வி. நான் பெற்ற பிள்ளைகளை ஊர் வளர்த்தது. இவள் பிள்ளைக்கு வீட்டு வாசலுக்கு அப்பால் ஊரே கிடையாது. ஒரு வழியாக ஹிந்தியை நிறுத்தினாள். மாமியாரோடு அதற்கு ஒரு சண்டை. சர்ச் காம்பவுண்டில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போய் உட்கார ஆரம்பித்தாள். முதல் வாரம் அபிஷா அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஓடினால் சிரிப்பார்கள் என்ற பயம். இதையெல்லாம் ஷீபா போனில் சொல்லுவாள். அவள் நம்பர் திரையில் தெரிந்தாலே எனக்கு மறுபடி விழுந்துவிட்டாளோ என்றுதான் முதலில் தோன்றும்.

6. புடவைத் திரை

அடுத்த வருஷ ரவுண்டுக்கு முன்னால் கிங்ஸ்லியிடம் சொன்னேன், இனி கூவ மாட்டேன், நானே அளந்து நானே எழுதுவேன் என்று. "பிறவு எனக்கு என்ன சோலி?" என்று கேட்டான். உயரமும் கண்ணும் நீ பார் என்றேன். ஒரு மூலையில் கயிறு கட்டி என் பழைய புடவையைத் திரையாகப் போட்டு ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டேன். ஒரு நாளில் முடிகிற பள்ளிக்கூடம் இரண்டு நாள் இழுத்தது. மேலதிகாரி போனில் எகிறினார், "என்னம்மா, பள்ளிக்கூடத்துல கண்காட்சியா நடத்துறீங்க?" என்று. ரிட்டயர் ஆக எட்டு மாதம் இருந்தது. "ஆமா சார், டிக்கெட் உங்களுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன், வந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அபிஷாவின் பள்ளிக்கூடம் வந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு. முந்தின நாள் ராத்திரி எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. வரிசையில் கடைசியில் நின்றாள். எல்லாரும் போன பிறகு திரைக்கு உள்ளே வந்து மெஷினுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"நான் ஏற மாட்டேன்."

"ஏறாண்டாம்," என்றேன். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேராக அளக்கவில்லை என்று எழுதி அவளிடம் காட்டினேன். அவள் அதைப் படித்தாள். போவாள் என்று பார்த்தேன், போகவில்லை.

"நீங்க இதுல ஏறியிட்டுண்டா சிஸ்டர்?"

ஒன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளை ஏற்றியிருப்பேன்! ஒரு மனிதர் முன்னாலும் நான் ஏறியதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு என் எடை ஏறின ஏற்றம் இறங்கவே இல்லை, அதைக் கிங்ஸ்லிக்குக்கூடக் காட்ட மாட்டேன். ஐம்பத்தொன்பது வயதுக் கிழவிக்குப் பத்து வயதுப் பிள்ளை முன்னால் ஏற அவ்வளவு வெட்கமாக இருந்தது. செருப்பைக் கழற்றினேன். ஏறினேன். என்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து எண்ணைப் படித்தாள். கண் விரிந்தது. சிரிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

போச்சு என்று நினைத்தேன். வெளியே அவள் வகுப்புப் பெண் ஒருத்தியின் குரல் கேட்டது. "ஏட்டி, சிஸ்டரு மெஷின்ல ஏறினாவளாமே? திரைக்க கீழ காலு தெரிஞ்சு. எவ்வளவுட்டி?"

"சொல்லப்பிடாது," என்றாள் அபிஷா.

"சொல்லுட்டி, நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஆருக்க வெயிட்டையும் ஆருகிட்டயும் சொல்லப்பிடாது. ஏட்டி, நீ அங்கோட்டுப் போ."

முப்பத்தோரு வருஷச் சர்வீஸ், எத்தனையோ டிரெயினிங். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகளின் எடை இன்று எல்லோரையும் பயமுறுத்துகிறது, பயப்பட வேண்டியதுதான். எடை பாருங்கள், சார்ட் பாருங்கள், பெற்றவர்களிடம் தனியாகப் பேசுங்கள், சுகர் டெஸ்டுக்கு நீங்களே கூடப் போங்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு உங்கள் முன்னால் மறுபடி ஏறி நிற்கத் தைரியம் இருக்க வேண்டும். அது போய்விட்டால் உங்கள் சார்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அபிஷாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுகர் பார்க்க வேண்டும். இப்போதும் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்று ஒரு நிமிஷம் கழித்து அவள் திரைக்குள் திரும்பி வந்தாள். திரையின் இரண்டு ஓரத்தையும் தானே இழுத்து இடைவெளி இல்லாமல் சேர்த்தாள். ஷூவைக் கழற்றினாள். ஏறினாள். மூச்சைப் பிடிக்கவில்லை. நான் எழுதினேன்.

வேனில் ஏறியதும் கிங்ஸ்லி கேட்டான், "அக்கா, அந்தப் பிள்ளைக்கு இப்ப எவ்வளவு?" உங்களுக்கும் கேட்கத் தோன்றும். உயரம் ஐந்து சென்டிமீட்டர் கூடியிருந்தது. அதை வேண்டுமானால் சொல்கிறேன்.